மாத்திரைக்குள் அடங்காத தக்காளி

புராஸ்டேட் புற்றுநோய் என்று பேச்சை எடுத்தாலே கூடவே தக்காளியும் வந்துவிடுகிறது. "தினமும் தக்காளி சாப்பிட்டால் அது வராதாமே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மாதுளைச் சாறு குடித்தே, புராஸ்டேட்டின் நிலையைக் காட்டும் பிஎஸ்ஏ என்ற இரத்தப் பரிசோதனை எண்ணைக் குறைத்துவிட்ட பெரியப்பாவைப் பற்றிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆளிவிதை, கிரீன் டீ, சோயா, பூண்டு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். என் அப்பாவுக்கு இந்த நோய் இருப்பது தெரிந்த பிறகு இவை ஒவ்வொன்றையும் யாராவது ஒருவர் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் அன்பினால்தான் சொன்னார்கள். ஆனால் அதில் எது ஆய்வில் தெரிந்தது, எது ஆசையில் சொல்வது என்று நான் பிரித்துப் பார்த்தாக வேண்டியிருந்தது. அப்பாவுக்காக மட்டும் இல்லை. அப்பாவுக்கோ உடன்பிறந்தவனுக்கோ இந்த நோய் இருந்தால் ஓர் ஆணுக்கு அது வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காகிறது. நானும் என் தம்பியும் அந்தக் கணக்கில் இருக்கிறோம்.

படித்ததையெல்லாம் வைத்து எனக்கு ஒரு தெளிவு கிடைத்திருக்கிறது, அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். தாவர உணவுகள் இந்த நோய்க்கு எதிராக ஏதோ செய்கின்றன என்பதற்கு ஓரளவு நம்பத்தக்க தடயங்கள் இருக்கின்றன. ஆனால் அந்த உணவுக்குள்ளிருந்து ஒரே ஒரு சத்தைப் பிரித்தெடுத்து மாத்திரையாகக் கொடுத்துப் பெரிய அளவில் சோதித்தபோது பலன் கிடைக்கவில்லை. கெடுதல் நடந்ததும் உண்டு. உணவை நம்பலாம், குப்பியை நம்ப வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது கொஞ்சம் நீண்ட கதை.

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்திருக்கும் சின்னச் சுரப்பிதான் புராஸ்டேட். உலகளவில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் நுரையீரல் புற்றுநோய்க்கு அடுத்து இதுதான் அதிகம். 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 14.7 லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 4 லட்சம் பேர் இறந்தார்கள். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இது மிக மெதுவாக வளரும் நோய். வேறு காரணத்தால் இறந்த முதியவர்களின் உடலைச் சோதித்தால், உயிரோடிருந்தவரை எந்தத் தொந்தரவும் தராத புற்றுநோய்த் திசு பலருடைய புராஸ்டேட்டில் இருப்பது தெரிகிறது. அதனால் "தடுப்பது" என்று நாம் சொல்லும்போது அதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. நோய் தோன்றாமலே தடுப்பது ஒன்று. தோன்றியது வளர்ந்து பரவாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. இரண்டாவதுதான் உயிரைக் காப்பது. உணவைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைச் சொல்வதே இல்லை.

உணவின் மீது சந்தேகம் விழுந்ததற்கு முக்கியமான காரணம் இடம்பெயர்ந்த மக்கள். வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் இந்த நோய் அதிகம். கிழக்கு ஆசியாவில் வெகுகாலம் குறைவாகவே இருந்தது. ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களைப் பார்த்தபோது, அவர்களுடைய நோய் விகிதம் ஜப்பானில் இருந்தவர்களைவிட அதிகமாக இருந்தது. மரபணு அதேதான், மாறியது வாழ்க்கை. அதே சமயம் மரபின் பங்கையும் குறைத்துச் சொல்ல முடியாது. நார்டிக் நாடுகளின் இரட்டையர்களை வைத்து 2016இல் வெளிவந்த பெரிய ஆய்வு, மக்களிடையே இந்த நோயில் காணப்படும் வேறுபாட்டில் 57 சதவீதம் மரபால் வருவது என்று மதிப்பிட்டது. புற்றுநோய்களில் இது மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. சைவமாகவே சாப்பிட்டு, புகைப்பழக்கமே இல்லாமல் வாழ்ந்த ஒருவருக்கு இந்த நோய் வந்தால், "எதையோ தப்பாகச் சாப்பிட்டிருக்கிறார்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த எண்ணை இங்கே வைக்கிறேன்.

சரி, தக்காளிக்கு வருவோம்.

1986இல் அமெரிக்காவில் பல் மருத்துவர்கள், மருந்தாளுநர்கள், கால்நடை மருத்துவர்கள் என்று மருத்துவத் துறை சார்ந்த 51 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைச் சேர்த்து ஒரு நீண்டகால ஆய்வு தொடங்கியது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவ்வப்போது கேட்டுப் பதிவு செய்துகொண்டே வந்தார்கள். 1995இல் எட்வர்ட் ஜியோவனூச்சியும் அவருடன் பணிபுரிந்தவர்களும் அதிலிருந்து 47,894 பேருடைய தகவல்களை எடுத்து ஆராய்ந்தார்கள். பலவகைக் காய்கறி, பழங்களில் நான்கே நான்கு உணவுகள்தான் குறைந்த புராஸ்டேட் ஆபத்தோடு சேர்ந்து வந்தன. தக்காளி சாஸ், தக்காளி, பீட்சா, ஸ்ட்ராபெர்ரி. முதல் மூன்றுக்கும் பொதுவானது தக்காளியின் சிவப்பு நிறமியான லைகோபீன். வாரத்துக்குப் பத்து முறைக்கு மேல் தக்காளி உணவுகளைச் சாப்பிட்டவர்களுக்கு, ஒன்றரை முறைக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட ஆபத்து 35 சதவீதம் குறைவாக இருந்தது. பச்சையாகச் சாப்பிட்ட தக்காளியைவிடச் சமைத்த சாஸுக்குத்தான் தொடர்பு வலுவாகத் தெரிந்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயமே அந்தச் சமைத்த சாஸ்தான். பச்சையாகச் சாப்பிட்டால்தான் சத்து என்று நாம் பழகியிருக்கிறோம். லைகோபீன் அப்படி இல்லை. சமைக்காத தக்காளியில் அது செல் சுவர்களுக்குள் இறுகிக் கிடக்கிறது. வேகவைக்கும்போது சுவர் உடைகிறது. நேராக நீண்டிருக்கும் லைகோபீன் மூலக்கூறுகளில் ஒரு பகுதி சூட்டில் வளைந்த வடிவத்துக்கு மாறுகிறது. அந்த வடிவத்தைக் குடல் எளிதாக உறிஞ்சிக்கொள்கிறது. அப்புறம் அது கொழுப்பில் கரைவது. கொஞ்சம் எண்ணெய் சேர்ந்தால்தான் இரத்தத்துக்கு நன்றாகப் போய்ச் சேரும். போய்ச் சேர்ந்தபின் உடலில் அது கூடிச் சேரும் இடங்களில் புராஸ்டேட்டும் ஒன்று. தர்பூசணி, சிவப்புக் கொய்யா, பப்பாளி இவற்றிலும் லைகோபீன் உண்டு.

இவ்வளவு பொருத்தமாக எல்லாம் அமைந்தால் அடுத்து என்ன நடக்கும்? லைகோபீனை மட்டும் பிரித்தெடுத்து மாத்திரையாக விற்கத் தொடங்கினார்கள். இல்லினாய்ஸ், ஓஹையோ விஞ்ஞானிகள் 2003இல் வெளியிட்ட ஒரு சோதனை அந்த மாத்திரைக்கு நல்ல பதில். புராஸ்டேட் புற்றுநோய் உண்டாக்கப்பட்ட எலிகளில் ஒரு பிரிவுக்குத் தக்காளிப் பொடியும், இன்னொரு பிரிவுக்குத் தனி லைகோபீனும் உணவில் கலந்து கொடுத்தார்கள். முழுத் தக்காளியின் பொடியைத் தின்ற எலிகளில் அந்தப் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து 26 சதவீதம் குறைந்தது. தனி லைகோபீன் கொடுத்த எலிகளில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. இத்தனைக்கும் தனி லைகோபீன் உணவில்தான் லைகோபீன் அளவு அதிகம். எலிக்கு நடப்பது அப்படியே மனிதனுக்கு நடக்காது என்பது தெரிந்ததுதான். ஆனாலும் தக்காளி என்றால் லைகோபீன் மட்டும்தான் என்ற எண்ணத்தை அந்தச் சோதனை அசைத்துவிட்டது.

மனிதர்களிடமும் தக்காளியின் கதை அவ்வளவு நேராகப் போகவில்லை. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2007இல் லைகோபீன் உள்ள உணவுகள் இந்த ஆபத்தை "அநேகமாகக்" குறைக்கும் என்றது. 2014இல் புதிய ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, முடிவுக்கு வர இயலவில்லை என்று மாற்றிக்கொண்டது. நடுவில் 2005இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், தக்காளியைப் பற்றிய ஆதாரம் மிகச் சொற்பம், லைகோபீன் மாத்திரைக்கு நம்பத்தக்க ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட்டது. அதற்குப் பின் வந்த தொகுப்பாய்வுகளில் சமைத்த தக்காளிக்கும் சாஸுக்கும் ஆபத்துக் குறைவோடு தொடர்பு தெரிகிறது. சமைக்காத தக்காளிக்குத் தெரியவில்லை. நான் இதை இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்: எண்ணெய் சேர்த்துச் சமைத்த தக்காளியை அடிக்கடி சாப்பிடுவதில் நட்டம் ஒன்றுமில்லை, கொஞ்சம் லாபம் இருக்கலாம்.

மாத்திரையில் நட்டம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள முப்பத்தைந்தாயிரம் ஆண்கள் தேவைப்பட்டார்கள்.

1985இல் பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களை வைத்து ஒரு சோதனை தொடங்கியது. வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் இரண்டும் நுரையீரல் புற்றுநோயைக் குறைக்குமா என்பதுதான் கேள்வி. கேரட்டில் இருக்கும் அதே பீட்டா கரோட்டின்தான். மாத்திரையாகக் கொடுத்ததில் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. எல்லாரையும் அதிரவைத்த முடிவு அது. ஆனால் அதே சோதனையில் வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருப்பதையும் கண்டார்கள். 1996இல் அமெரிக்காவில் லாரி கிளார்க் என்பவர் தோல் புற்றுநோயைத் தடுக்கச் செலினியம் என்ற தாதுச்சத்தைக் கொடுத்துப் பார்த்த சோதனையிலும் இப்படித்தான். தோல் புற்றுநோய் குறையவில்லை, புராஸ்டேட் புற்றுநோய் குறைந்திருந்தது. தேடிப் போனது ஒன்று, கையில் கிடைத்தது வேறொன்று. கிடைத்ததை நேரடியாகச் சோதித்துப் பார்க்காமல் விட முடியாது.

அப்படிப் பிறந்ததுதான் 'செலக்ட்' சோதனை. 2001இல் தொடங்கி, அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோவில் 35,533 ஆண்களைச் சேர்த்தார்கள். சிலருக்குத் தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ, சிலருக்கு 200 மைக்ரோகிராம் செலினியம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெற்று மாத்திரை. 2008இல் பாதியிலேயே நிறுத்தினார்கள், பலன் தெரியவில்லை என்பதால். ஆனால் பங்கேற்றவர்களைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். 2011இல் வந்த முடிவு இது: வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 529 பேருக்குப் புராஸ்டேட் புற்றுநோய், வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களில் 620 பேருக்கு. 17 சதவீதம் அதிகம். மாத்திரையை நிறுத்திய பிறகும் அந்த விளைவு தொடர்ந்திருந்தது. செலினியம் பற்றி 2014இல் இன்னொரு செய்தி வந்தது. உடலில் ஏற்கெனவே போதுமான செலினியம் இருந்தவர்கள் மாத்திரையும் எடுத்தபோது, வேகமாக வளரும் வகைப் புற்றுநோயின் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது.

இந்த எண்களை நான் பலமுறை படித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது. சோதனை நடத்தியவர்கள் மேல் இல்லை. அவர்கள் நேர்மையாகச் செய்தார்கள், கிடைத்ததை மறைக்காமல் சொன்னார்கள். கோபம், இன்னமும் "புராஸ்டேட் நலனுக்கு" என்று எழுதி, உள்ளே வைட்டமின் ஈயும் செலினியமும் போட்டு விற்கப்படும் குப்பிகள் மேல். நோய்க்குப் பயந்தவர்கள்தான் அதை வாங்குகிறார்கள். ஏற்கெனவே ஆபத்து உள்ளவர்கள் அவர்கள்.

மூலிகை என்றால் பாதுகாப்பு என்று நம்புவோர் பிசி-ஸ்பெஸ் என்ற கலவையின் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். எட்டு மூலிகைகள் சேர்ந்தது என்று 1990களில் புராஸ்டேட் நோயாளிகளிடையே பரவலாக விற்றது. பலருக்கு பிஎஸ்ஏ உண்மையிலேயே குறைந்தது. ஆய்வுக்கூடங்களும் ஆர்வத்தோடு பார்த்தன. 2002இல் அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். உள்ளே இரத்தம் உறையாமல் செய்யும் வார்ஃபரினும், டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோனும் கலந்திருந்தது தெரியவந்தது. ஆண் ஹார்மோனை அடக்கினால் இந்தப் புற்றுநோய் சுருங்கும் என்பதை 1941இலேயே சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டியிருந்தார்; அதற்காக 1966இல் நோபல் பரிசும் பெற்றார். அந்தக் காலத்திலிருந்தே சிகிச்சையில் இருந்த பழைய ஹார்மோன் மருந்துதான் மூலிகை வேடத்தில் வந்திருந்தது. எண் குறைந்ததற்குக் காரணம் மூலிகை என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு, கால்களில் இரத்தக்கட்டும் கட்டுக்கடங்காத இரத்தப்போக்கும் ஏன் வந்தன என்பது அப்போதுதான் புரிந்தது.

மாதுளைக்கு ஒரு பத்தி போதும். 2006இல் 46 பேருக்குத் தினமும் மாதுளைச் சாறு கொடுத்ததில், பிஎஸ்ஏ இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளும் காலம் சராசரியாக 15 மாதத்திலிருந்து 54 மாதமாக நீண்டது. செய்தி உலகெங்கும் ஓடியது. அதில் ஒப்பிட்டுப் பார்க்க வெற்றுச்சாறு குடித்த பிரிவு இல்லை. பிறகு அப்படி ஒரு பிரிவையும் வைத்துச் சோதித்தபோது, வெற்றுச்சாறு குடித்தவர்களுக்கும் அந்தக் காலம் நீண்டிருந்தது. மாதுளைக்குத் தனிச்சிறப்பு எதுவும் தெரியவில்லை. பெரியப்பாவின் பிஎஸ்ஏ குறைந்தது உண்மையாகவே இருக்கலாம். அது தானாகவும் ஏறி இறங்கும் எண்.

கிரீன் டீயும் இதே வழிதான். 2006இல் இத்தாலியில் புற்றுநோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 60 பேரில், தேயிலைச் சாறு எடுத்த 30 பேரில் ஒருவருக்கும், எடுக்காத 30 பேரில் ஒன்பது பேருக்கும் ஓராண்டில் புற்றுநோய் வந்தது. பிறகு அமெரிக்காவில் 97 பேரை வைத்துச் செய்த சோதனையில் அவ்வளவு தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. குடிக்கும் தேநீரில் பயமில்லை. செறிவூட்டிய மாத்திரைகள், அவற்றில் உள்ள இஜிசிஜி என்ற தேயிலைப் பொருள் தினம் 800 மில்லிகிராம் அளவை எட்டினால், கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொல்லியிருக்கிறது.

ஆளிவிதை எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 161 பேரை வைத்து 2008இல் வெளியான சோதனையில், தினமும் 30 கிராம் பொடித்த ஆளிவிதை சாப்பிட்டவர்களின் புற்றுத் திசுவில் செல்கள் பெருகும் வேகம் குறைவாக இருந்தது. அகற்றிய திசுவையே பார்த்துச் சொன்ன முடிவு என்பதால் இதற்கு மதிப்பு உண்டு. சுமார் ஒரு மாத அளவிலான சோதனை என்பதால் அதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது.

முட்டைக்கோஸ் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி, முள்ளங்கி, கடுகு எல்லாம் ஒரே குடும்பம். அவற்றைக் கடிக்கும்போது வரும் காரமும் நெடியும் அந்தச் செடி தன்னைப் பூச்சிகளிடமிருந்து காத்துக்கொள்ள வைத்திருக்கும் ஏற்பாடு. செல்லுக்குள் ஒரு பக்கம் குளூகோசினோலேட் என்ற பொருளும், தனியாக மைரோசினேஸ் என்ற நொதியும் இருக்கும். வெட்டினாலோ மென்றாலோ இரண்டும் கலந்து, சல்ஃபொராஃபேன் போன்ற பொருள்கள் உருவாகின்றன. நம் உடலில் இவை நச்சுகளைச் செயலிழக்கச் செய்யும் நொதிகளைத் தூண்டிவிடுகின்றன. புராஸ்டேட் விஷயத்தில் இது ஏன் முக்கியம் என்றால், அப்படிப்பட்ட ஒரு காவல் நொதியை உருவாக்கும் ஜிஎஸ்டிபி1 என்ற மரபணு, பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட புராஸ்டேட் புற்றுநோய்களில் முடக்கப்பட்டிருக்கிறது. காவல் போன செல்லுக்கு நச்சு எளிதில் எட்டும். நெருப்பில் கருக வாட்டிய இறைச்சியில் உண்டாகும் ஒரு பொருள் எலிகளின் புராஸ்டேட்டில் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த நொதி சூடு தாங்காது. நிறையத் தண்ணீரில் குழையக் குழைய வேகவைத்தால் நொதியும் அழியும், சத்தும் தண்ணீரோடு போகும். நறுக்கிச் சிறிது நேரம் வைத்துவிட்டு, பிறகு ஆவியில் லேசாக வேகவைப்பது நல்லது. நன்றாக வெந்துவிட்டால் மேலே கொஞ்சம் பச்சைக் கடுகுப்பொடி தூவினால், கடுகில் இருக்கும் அதே நொதி அந்த வேலையைச் செய்கிறது. தக்காளியை நன்றாகச் சமை, முட்டைக்கோஸை அரைவேக்காட்டில் எடு. சமையலறையில் இந்த ஒரு மாற்றத்துக்குச் செலவே இல்லை என்பதால் எல்லாரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சோயாவைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சோயா உணவுகளை அதிகம் சாப்பிடுபவர்களிடம் இந்த நோய் குறைவாக இருப்பதைத் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அறுவை சிகிச்சை முடிந்த, நோய் திரும்பும் ஆபத்து அதிகம் உள்ள 177 பேருக்குத் தினமும் 20 கிராம் சோயாப் புரதப் பொடி கொடுத்துப் பார்த்ததில், 2013இல் வந்த முடிவு ஏமாற்றம்தான். நோய் திரும்பியது இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவு. உணவாகப் பல ஆண்டுகள் சாப்பிட்டு வருவதும், நோய் வந்து முற்றிய பிறகு பொடியாகக் குடிப்பதும் ஒன்றல்ல. பூண்டு, வெங்காயத்துக்கு ஷாங்காயில் நடந்த ஓர் ஆய்வு சாதகமாக இருக்கிறது. தினமும் பத்து கிராமுக்கு மேல் சாப்பிட்டவர்களின் ஆபத்து, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களுடையதில் பாதியளவே இருந்தது. அதில் பங்கேற்றவர்கள் சில நூறு பேர்தான், நோய் வந்தபின் பழைய பழக்கத்தை நினைவுபடுத்திக் கேட்ட ஆய்வு. அந்த அளவுக்கே அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

தனித்தனி உணவுகளை விட்டுவிட்டு மொத்தத் தட்டையும் பார்த்தால் படம் கொஞ்சம் தெளிவாகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும், சைவ உணவை ஊக்குவிக்கும் செவந்த் டே அட்வென்டிஸ்ட் என்ற கிறித்தவத் திருச்சபையினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், விலங்கு உணவே சேர்க்காத ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 35 சதவீதம் குறைவு. அதே திருச்சபையினரிடம் 1989இல் வெளிவந்த முந்தைய ஆய்வில் பயறு, பருப்பு, பட்டாணி, தக்காளி, உலர்பழங்கள் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து குறைந்திருந்தது. பிரிட்டனின் யூகே பயோபேங்க் என்ற பெரிய உடல்நலத் தகவல் திரட்டை வைத்து 2022இல் வந்த ஆய்வில், வாரம் ஐந்து முறைக்கு மேல் இறைச்சி சாப்பிடுபவர்களோடு ஒப்பிட்டால் சைவர்களுக்கு 31 சதவீதம் குறைவு. 2024இல் இன்னொன்று வந்தது, எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. ஏற்கெனவே நோய் இருந்த 2,062 ஆண்களில், தாவர உணவு மிக அதிகமாக இருந்தவர்களுக்கு நோய் முற்றும் ஆபத்து, மிகக் குறைவாக இருந்தவர்களைவிட 47 சதவீதம் குறைவு. நான் முதலில் சொன்ன இரண்டாவது கேள்விக்கான தடயம் இது.

இதையெல்லாம் அப்படியே "காரணம்" என்று எடுத்துக்கொள்ள முடியாது. காய்கறி நிறையச் சாப்பிடுபவர் பொதுவாகப் புகைபிடிக்க மாட்டார், நடப்பார், எடையைப் பார்த்துக்கொள்வார். இந்த நோயில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிஎஸ்ஏ பரிசோதனை செய்துகொண்டால்தான் பலருக்கு நோயே தெரியவரும். பரிசோதனைக்கு அதிகம் போகாத பிரிவில் நோய் குறைவாகத் தெரியும். அது உண்மையில் குறைவு ஆகாது. ஆய்வாளர்கள் கணக்கில் இதைச் சரிசெய்ய முயல்கிறார்கள், முழுக்கச் சரிசெய்ய முடிவதில்லை.

சோதனை நடத்தித்தான் பார்க்க வேண்டும் என்றால், இரண்டு சோதனைகளைச் சொல்லலாம். 2005இல் டீன் ஆர்னிஷ் என்ற அமெரிக்க மருத்துவர், சிகிச்சை எடுக்காமல் கண்காணிப்பில் இருந்த 93 பேரை இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு முழுத் தாவர உணவு, நடை, யோகா, குழுவாகக் கூடிப் பேசுவது. ஓராண்டில் அவர்களின் பிஎஸ்ஏ 4 சதவீதம் குறைந்தது. மற்றவர்களுக்கு 6 சதவீதம் ஏறியது. உணவா, யோகாவா, குழுவின் துணையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 2020இல் முடிவு வந்த இன்னொரு சோதனையில் 478 பேர். ஒரு பிரிவினரிடம் தொலைபேசியில் பேசிப் பேசித் தினமும் ஏழு பங்குக்குக் குறையாமல் காய்கறி சாப்பிடச் சொன்னார்கள், அவர்களும் கூட்டிக்கொண்டார்கள். இரண்டாண்டு முடிவில் நோய் முற்றும் அளவில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை.

இந்தக் கடைசி முடிவைப் படித்த அன்று எனக்கு மனம் சோர்ந்துபோனது, ஒளிக்க மாட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. அங்கே தட்டில் காய்கறியைச் சேர்த்தார்கள்; தட்டிலிருந்து எதை எடுக்க வேண்டும் என்பது அந்தச் சோதனையின் மையம் அல்ல. பல பத்தாண்டுகளாக வளரும் நோய்க்கு இரண்டாண்டும் குறுகிய காலம். தாவர உணவின் பலனில் ஒரு பெரிய பங்கு, அது வெளியே தள்ளும் உணவிலிருந்து வருகிறது என்றே நான் நினைக்கிறேன். பால் பொருள்களையும் கால்சியத்தையும் மிக அதிகமாக உட்கொள்வதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் அதே 2014 அறிக்கை சொல்கிறது. செல்களை வளரத் தூண்டும் ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோன், விலங்கு உணவே சேர்க்காத பிரிட்டிஷ் ஆண்களின் இரத்தத்தில் 9 சதவீதம் குறைவாக இருந்தது. பால் சாப்பிடும் சைவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. அதிக உடல் எடை முற்றிய வகைப் புராஸ்டேட் புற்றுநோயின் ஆபத்தைக் கூட்டுகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இருப்பதாகவும் அதே அறிக்கை சொல்கிறது. பருப்பும் காய்கறியும் முழுத்தானியமும் நிறைந்த தட்டு வயிற்றை நிரப்பும், எடையை ஏற்றாது. இதற்கு மூலக்கூறு விளக்கம்கூடத் தேவையில்லை.

அப்பாவிடம் இதையெல்லாம் நான் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "அப்போ இதைச் சாப்பிட்டா எனக்குச் சரியாகிடுமா?" என்பதுதான். ஆகாதுப்பா, சிகிச்சைதான் அதைப் பார்க்கும், உணவு கூட இருந்து உதவலாம் என்றேன். அவருடைய மருத்துவர் சொன்னது அதைவிடப் பயனுள்ளதாக இருந்தது. "உங்க இதயத்தைப் பாருங்க சார். இந்தப் புற்றுநோய் இருக்கற பலரை இதுகூட இல்லை, இதயம்தான் கொண்டுபோகுது" என்றார். அது உண்மை. ஆரம்ப நிலையில் கண்டறியப்பட்ட ஆண்களில் நிறையப் பேர் வேறு காரணங்களால்தான் இறக்கிறார்கள், அதில் இதய நோய்க்குப் பெரிய பங்கு. ஹார்மோன் சிகிச்சை எடுத்தால் எடை கூடும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். இதயத்துக்குத் தாவர உணவு நல்லது என்பதில் புராஸ்டேட்டில் இருப்பதுபோன்ற ஐயம் இல்லை. கொழுப்பைக் குறைக்கும், இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். அமெரிக்காவின் அந்த மருத்துவத் துறை ஆண்களில், நோய் கண்டபின் வாரம் ஐந்து முறையோ அதற்கு மேலோ பாதாம் போன்ற கொட்டைகள் சாப்பிட்டவர்களுக்கு எந்தக் காரணத்தாலும் இறக்கும் ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறைவு. நோய் வருவதைக் கொட்டைகள் குறைக்கவில்லை. ஆனாலும் இறப்பு குறைவாக இருந்தது. எனக்கு அது போதுமான காரணம்.

எங்கள் வீட்டில் இப்போது தக்காளி எண்ணெயோடு நன்றாக வேகிறது, முட்டைக்கோஸ் வேகாமல் தப்பிக்கிறது, பயறும் பருப்பும் தினமும் உண்டு. இறைச்சி எப்போதாவது, கருக வாட்டியது கிடையாது. அப்பாவின் அலமாரியில் இருந்த வைட்டமின் ஈ குப்பியை மருத்துவரிடம் காட்டிவிட்டு நிறுத்திவிட்டோம்.

தம்பிக்கு மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் சாப்பாட்டில் என்னைவிட ஒழுங்கானவன், அதனாலேயே பரிசோதனை தேவையில்லை என்று நினைக்கிறான். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் வழிகாட்டுதல் இதுதான்: சராசரி ஆபத்து உள்ளவர்கள் 50 வயதில் பிஎஸ்ஏ பரிசோதனையின் நன்மை தீமையை மருத்துவரோடு பேச வேண்டும். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 65 வயதுக்கு முன் இந்த நோய் வந்திருந்தால் 45 வயதிலேயே. இளவயதில் நோய் வந்த நெருங்கிய உறவினர் ஒருவருக்கு மேல் இருந்தால் 40 வயதிலேயே. குடும்பத்தில் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பிஆர்சிஏ2 என்ற மரபணுவில் பரம்பரைக் கோளாறு இருந்தால் அந்தப் புற்றுநோய்களின் ஆபத்தும் கூடும், புராஸ்டேட் புற்றுநோயின் ஆபத்தும் கூடும். எடுத்துக்கொள்ளும் மாத்திரை, மூலிகை எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுபோக வேண்டும். முடி உதிர்வுக்கும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் கொடுக்கப்படும் ஃபினாஸ்டெரைடு பிஎஸ்ஏ எண்ணை ஏறக்குறைய பாதியாகக் காட்டிவிடும், சிறுநீர்த் தொற்று அதை ஏற்றிக் காட்டும். இரண்டில் எது இருந்தாலும் இரத்தம் கொடுப்பதற்கு முன்பே மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.